ஒரே கழிவுநீரில் இரண்டு எண்கள்: மலக் கோலிஃபோம் சோதனை முறைகள் ஒத்துப்போகாதபோது

மலக் கோலிஃபோம் என்பது மலக் கலப்பைக் காட்டும், 44.5 பாகைச் சூட்டில் வளரும் பற்றீரியாக் கூட்டம்; ஈ. கோலை அதில் முக்கியமானது. அதற்காக ஒரு கழிவுநீர் மாதிரியை இரண்டு வெவ்வேறு முறைகளில் சோதித்தால் இரண்டு எண்கள் வரும். உடனே எழும் கேள்வி, "எந்த முறை சரி?" அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முறைகளுக்கிடையே உண்மையான வேறுபாடு உண்டுதான். ஆனால் நம் மேசைக்கு வரும் முரண்பாடுகளில் பெரும்பாலானவை போத்தல், வெப்பநிலை, ஐதாக்கல் (மாதிரியில் படிப்படியாக நீர் கலந்து செறிவைக் குறைத்தல்) ஆகிய மூன்றிலேயே பிறக்கின்றன. அவற்றைச் சரிபார்க்காமல் முறையைக் குறை சொல்வது வீண்.

இங்கே பேசப்போவது மூன்று முறைகளைப் பற்றி. ஒன்று பல்குழாய் முறை. குழாய்களில் வாயு தோன்றுவதைப் பார்த்து அட்டவணையிலிருந்து எம்.பி.என். எனப்படும் மிக நிகழ்தகு எண்ணைப் பெறுவோம். இரண்டாவது சவ்வு வடிகட்டல். 0.45 மைக்ரோமீற்றர் துளையுள்ள சவ்வில் நீரை இறக்கி, எம்.எஃப்.சி. ஊடகத்தில் வளரும் நீலக் கொலனிகளை எண்ணுவோம். மூன்றாவது கொலிலேர்ட் போன்ற நொதியத் தூளும் குழித்தட்டும். தூள் கலந்த நீரைத் தட்டின் குழிகளில் அடைத்து வளர்ப்போம்; மஞ்சளாகும் குழி கோலிஃபோமையும், புறஊதா ஒளியில் ஒளிரும் குழி ஈ. கோலையையும் காட்டும்.

ஒப்பிடத் தொடங்குமுன் ஒரு நிபந்தனை: இரண்டு முறைகளுக்கும் நீர் ஒரே போத்தலிலிருந்து, ஒரே குலுக்கலுக்குப் பின் வர வேண்டும். ஐந்து நிமிட இடைவெளியில் நிரப்பிய இரண்டு போத்தல்களை ஒப்பிட்டால், முறைகளின் வேறுபாட்டோடு கழிவுநீரின் ஏற்ற இறக்கமும் கலந்துவிடும். பிறகு எவராலும் பிரித்தெடுக்க முடியாது.

## அறிகுறி: திருகோணமலையில் ஒரு எண், கொழும்பில் வேறு எண்

முதலில் நேரத்தைப் பாருங்கள். மாதிரி ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் சேர்ந்து, அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கிவிட வேண்டும். இங்கிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். நிலாவெளியில் காலையில் நிரப்பிய போத்தல், வழியில் வாகனம் சற்றுத் தாமதித்தாலும் கெடுவைத் தாண்டிவிடும். இரவு பஸ்ஸில் அனுப்பி மறுநாள் சோதித்த மாதிரியை இங்கே அன்றே சோதித்த மாதிரியோடு ஒப்பிடவே கூடாது. சூட்டில் நின்ற செறிவான கழிவுநீரில் பற்றீரியா பெருகலாம். சுத்திகரித்த நீரில் மடியலாம். எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், ஏதோ ஒரு எண்ணால் பெருக்கித் திருத்தவும் வழியில்லை.

அடுத்தது பெட்டி. மாதிரி 10 பாகை செல்சியசுக்குக் கீழே, ஆனால் உறையாமல் இருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடிய வாகனத்துக்குள் ஐஸ் விரைவாகக் கரைந்துவிடும். கரைந்த நீரில் போத்தலின் மூடி மூழ்கியிருந்தால் அந்த மாதிரியை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையா? ஒரு மாதிரியை எடுத்து, குளிரில் வைத்து, ஒரே முறையால் முதல் மணி நேரத்திலும் எட்டாம் மணியிலும் 24ஆம் மணியிலும் சோதியுங்கள். அந்த மூன்று எண்களே விலகி நின்றால் குற்றம் காலத்துடையது. அனுமதிப்பத்திரத்துக்கோ வழக்குக்கோ வேண்டிய எண் என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 17025 தரச்சான்று பெற்ற ஆய்வுகூடத்தை முன்கூட்டியே அழைத்து, மாதிரி எடுப்பதையும் அவர்களே ஏற்கும்படி கேளுங்கள்.

## அறிகுறி: குளோரீன் இட்ட நீரில் எம்.பி.என். அதிகம், சவ்வில் குறைவு

உப்புவெளி முதல் நிலாவெளி வரை கடற்கரை விடுதிகளில் உள்ளவை போன்ற சிறு சுத்திகரிப்பு நிலையங்களின் வெளியேற்ற நீரில் எதிர்பார்க்க வேண்டிய முரண்பாடு இது. பல்குழாய் முறை பல நூறு என்று சொல்லும். சவ்வில் கொலனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிலையத்தை நடத்துபவர் சிறிய எண்ணை நம்ப விரும்புவது இயல்பு. ஆனால் இந்த இடத்தில் சிறிய எண்ணைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

போத்தலில் குளோரீனை அடக்கும் தயோசல்பேற்று இருந்ததா? இதுவே மிக மலிவான காரணம். 120 மில்லிலீற்றர் போத்தலில் கிருமியழிப்புக்கு முன் 10 சதவீத சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலில் 0.1 மில்லிலீற்றர் இட்டிருக்க வேண்டும். அந்த அளவு லீற்றருக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் எச்சக் குளோரீன் வரை அடக்கும். போத்தலை வழியவிட்டு நிரப்பினாலும், ஓடும் நீரில் அலசினாலும் அது போய்விடும். சோதனை எளிது: வேண்டிய பங்கைப் பிரித்தெடுத்த பின் போத்தலில் எஞ்சும் நீரில் குளோரீனைக் காட்டும் டி.பி.டி. மாத்திரையைப் போடுங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் வழியெல்லாம் குளோரீன் கொன்றுகொண்டே வந்திருக்கிறது. இரண்டு எண்களையும் தூக்கிப் போடுங்கள்.

குளோரீன் அடங்கியிருந்தும் வித்தியாசம் தொடர்ந்தால் காரணம் காயம்பட்ட பற்றீரியா. குளோரீன் எல்லாவற்றையும் கொல்வதில்லை. சிலவற்றைக் காயப்படுத்தி விட்டுவிடுகிறது. பல்குழாய் முறையில் அவை முதலில் 35 பாகையில் லோரைல் டிரிப்டோஸ் குழம்பில் தேறிக்கொண்டு, பிறகே 44.5 பாகை ஈ.சி. குழம்புக்குப் போகின்றன. சவ்வு முறையிலோ நேரே 44.5 பாகை. தேறியிருக்கக்கூடியவை அங்கே மடிகின்றன. அவை ஆற்றிலும் கடலிலும் மீண்டும் தேறக்கூடியவை என்பதால், எண்ணாமல் விடுவது நியாயமல்ல.

இதை உறுதிசெய்ய, ஒரே மாதிரியில் இரண்டு வரிசைச் சவ்வுகள் வையுங்கள். ஒன்றை நேரே 44.5 பாகையிலும், மற்றதை 35 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்துப் பின் 44.5 பாகையிலும் வளருங்கள். இரண்டாவது வரிசை தெளிவாக உயர்ந்தால் காரணம் காயம்தான். அந்த நிலையத்தின் குளோரீன் இட்ட நீருக்கு அதன்பின் தேற்றும் படியுள்ள முறையையோ பல்குழாய் முறையையோ மட்டும் பயன்படுத்துங்கள். குளோரீன் இடாத நீரில் இரண்டு முறைகளும் நெருங்கி வந்தன என்பதைக் காட்டி இங்கேயும் நெருங்கும் என்று வாதிடுபவர்களை ஏற்காதீர்கள்.

இரண்டு வரிசைகளும் ஒன்றாகவே இருந்து, பல்குழாய் எண் மட்டும் சற்றே உயர்ந்திருந்தால் அது எம்.பி.என். கணிப்பின் இயல்பான மேல்நோக்கிய சாய்வாக இருக்கலாம். ஐந்து குழாய் வரிசையில் அந்தச் சாய்வு ஏறக்குறைய கால் பங்கு. பத்து மடங்கு வித்தியாசத்துக்கு இதைக் காரணம் காட்ட முடியாது.

## அறிகுறி: ஐதாக்கல்கள் பத்தில் ஒன்றாக இறங்கவில்லை

ஒரு சவ்வில் 50 கொலனி, அடுத்த ஐதாக்கலில் 25. அல்லது 50க்குப் பின் ஒன்றுமில்லை. இரண்டு முறைகளையும் ஒப்பிடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தன்னோடு தானே ஒத்துப்போக வேண்டும்.

குலுக்கல், பிப்பெட், ஐதாக்கல் நீர் என்ற வரிசையில் பாருங்கள். போத்தலை ஏழு விநாடிக்குள் 25 தடவை வேகமாகக் குலுக்க வேண்டும். மெல்லச் சாய்த்தெடுத்தால் திரள்கள் உடையாது. ஒவ்வொரு படிக்கும் புதிய பிப்பெட். ஐதாக்கிய நீரை அரை மணிக்குமேல் காத்திருக்க விடாதீர்கள். ஐதாக்கல் நீர் பொஸ்பேற்றுத் தாங்கல் கரைசலாக, பி.எச். 7.2 அளவில் இருக்க வேண்டும். வெறும் காய்ச்சி வடித்த நீர் பற்றீரியாவுக்கு நல்லதல்ல. சவ்வில் 10 மில்லிலீற்றருக்குக் குறைவாக ஊற்றுவதானால் முதலில் புனலில் கிருமியற்ற ஐதாக்கல் நீர் 10 மில்லிலீற்றர் ஊற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கொலனிகள் ஒரு மூலையில் குவியும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும், அதிகம் ஐதாக்கிய பங்கே கணக்கில் அதிக எண்ணைத் தந்தால் நீரில் வளர்ச்சியைத் தடுக்கும் ஏதோ இருக்கிறது. விடுதிச் சலவைக்கூடத்தின் கிருமிநாசினிகள் முதல் சந்தேகம், உலோகங்கள் அடுத்தது. மாதிரியின் ஒரு பங்கை வடிகட்டிக் கிருமி நீக்கி, அதில் தெரிந்த அளவு ஈ. கோலை வளர்ப்பை இடுங்கள். அதே அளவைத் தாங்கல் கரைசலிலும் இடுங்கள். மாதிரியில் எண் விழுந்தால் உறுதி. எந்தப் பொருள் என்று கண்டுபிடிப்பது இரசாயன ஆய்வுகூடத்தின் வேலை. செலவும் அங்கேதான் தொடங்கும்.

பல்குழாய் முறையில் 5-5-5 வந்தால், அதாவது மூன்று அளவுகளிலும் ஐந்தைந்து குழாய்களும் வாயு காட்டினால், அது எண்ணே அல்ல. 10, 1, 0.1 மில்லிலீற்றர் இட்ட வரிசையில் அதன் பொருள் "1600க்கு மேல்" என்பது மட்டும்தான். அதை 1600 என்று எழுதி சவ்வின் எண்ணோடு ஒப்பிட்டால் ஒப்பீடு முழுவதும் கெட்டுவிடும். சுத்திகரிக்காத கழிவுநீரில் 100 மில்லிலீற்றருக்குப் பத்து இலட்சம் முதல் ஒரு கோடி வரை இருப்பது சாதாரணம். அதற்குச் சவ்வில் 0.01, 0.001, 0.0001 மில்லிலீற்றர் அளவுகள் வேண்டும். எண்ணத் தகுந்த சவ்வு என்பது 20 முதல் 60 நீலக் கொலனிகள் உள்ளது.

## அறிகுறி: நீர் சவ்வில் இறங்கவில்லை, அல்லது கொலனிகள் படர்ந்து ஒன்றாகிவிட்டன

நீர் இறங்காவிட்டால் திண்மங்கள் அல்லது பாசி. குளங்களில் தேக்கிச் சுத்திகரித்த நீரில் பாசி அதிகம். பங்கைப் பிரித்துப் பல சவ்வுகளில் இறக்கிக் கூட்டுங்கள். அதற்கும் இடம் கொடுக்காவிட்டால் அந்த நீருக்குச் சவ்வு முறையைக் கைவிடுங்கள். கலங்கல் நீருக்குப் பல்குழாய் முறையே பொருத்தம்.

படர்ந்திருந்தால் ஊடகத்தின் மேல் ஈரம் தேங்கியிருக்கும், அல்லது கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்திருக்கமாட்டார்கள். வட்டமாக வெறுமை தெரிந்தால் சவ்வின் கீழ் காற்றுக்குமிழ். வேறு நிறக் கொலனிகள் நிறைந்திருந்தால், மற்றப் பற்றீரியாவை அடக்க ஊடகத்தில் சேர்க்கும் ரோசோலிக் அமிலத்தைப் பாருங்கள். கருஞ்சிவப்பு மாறிக் கலங்கிய பழுப்பாகியிருந்தால், அல்லது தயாரித்து இரண்டு வாரம் கடந்திருந்தால், புதிதாகக் கரையுங்கள். எம்.எஃப்.சி. ஊடகத்தை ஓட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் கலத்தில்) இடக் கூடாது. கொதிநிலை வரை சூடாக்கினால் போதும்.

## அறிகுறி: நீலக் கொலனிகள் திடீரெனக் குறைந்தன, ஈ.சி. குழாய்களிலும் வாயு குறைவு

இரண்டு முறைகளும் சேர்ந்து விழுந்தால் வெப்பநிலையைப் பாருங்கள். அனுமதி 44.5 பாகைக்கு மேலும் கீழும் 0.2 மட்டும். ஒரு பாகை ஏறினால் ஈ. கோலையே தடுமாறும், இரண்டு பாகை இறங்கினால் மலத்தோடு தொடர்பில்லாதவையும் வளரும்.

இன்கியூபேட்டரின் முகப்பில் ஒளிரும் எண்ணை நம்பாதீர்கள். அளவு திருத்திய வெப்பமானியின் குமிழை நீர்ப்புட்டியில் அமிழ்த்தி, கிண்ணம் இருக்கும் அதே தட்டில் வைத்து, நாளுக்கு இரண்டு தடவை எழுதுங்கள். காற்று இன்கியூபேட்டரில் அடுக்கிவைத்த கிண்ணங்களுக்கு 0.2 பாகைக் கட்டுப்பாடு கிடைப்பது மிகக் கடினம். நீர் புகாத பையில் இட்டு நீர்த்தொட்டியில் அமிழ்த்துவதே நம்பத்தக்க வழி. வடிகட்டிய அரை மணிக்குள் அங்கே போய்ச்சேர வேண்டும்.

35 பாகை இன்கியூபேட்டருக்கு நம் ஊரில் ஒரு தனித் தொல்லை உண்டு. குளிரூட்டும் வசதியில்லாத இன்கியூபேட்டர் சூடாக்க மட்டுமே அறியும். அறை அதைவிடச் சில பாகைகள் குளிர்ந்திருக்க வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை மூடிக்கிடக்கும் அறை பிற்பகலில் 34 பாகையைத் தொடும்போது உள்ளே 37, 38 என்று ஏறிவிடும். சனி, ஞாயிறுகளில் அறையின் குளிரூட்டியை நிறுத்திவிட்டுப் போகும் இடங்களில் இதைக் கவனியுங்கள்.

மின்வெட்டு ஏற்பட்டால் தொட்டியைத் திறக்காதீர்கள். மூடிய நீர் சூட்டைச் சிறிது நேரம் பிடித்துவைக்கும். மின்சாரம் திரும்பியதும் உச்ச, தாழ் வெப்பமானியைப் படியுங்கள். எல்லை தாண்டியிருந்தால் அன்றைய ஒப்பீட்டின் இரண்டு பக்கங்களையும் நீக்குங்கள். பிடித்த எண்ணை மட்டும் வைத்துக்கொள்வது ஒப்பீடாகாது. இரண்டு கிழமை வெப்பநிலைப் பதிவும் ஒழுங்கில்லாமல் இருந்தால் அளவுத்திருத்தம் செய்பவரை அழையுங்கள். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை நாமே கழற்றிப் பார்ப்பது வேண்டாம்.

## அறிகுறி: மலக் கோலிஃபோம் அதிகம், ஈ. கோலை குறைவு

இது பிழையாகவே இல்லாமலும் இருக்கலாம். 44.5 பாகையில் வளர்வதெல்லாம் மலத்திலிருந்து வந்தவை அல்ல. கிளெப்சியெல்லாவின் சில வகைகள் அதே சூட்டில் வளர்ந்து, அதே நீலத்தையும் வாயுவையும் தரும். சர்க்கரையும் மாப்பொருளும் மிகுந்த கழிவில் அவை செழிக்கும். பெரிய சமையற்கூடங்களின் நீர் சேரும் இடங்களில் இதை எதிர்பாருங்கள்.

சவ்விலிருந்து சில நீலக் கொலனிகளை எடுத்து இந்தோல் சோதனை செய்யுங்கள், அல்லது மக் (ஈ. கோலை சிதைக்கும்போது ஒளிரும் பொருள்) கலந்த ஊடகத்தில் வளர்த்துப் புறஊதா ஒளியில் பாருங்கள். பெரும்பாலானவை ஒளிராவிட்டால் இரண்டு முறைகளும் சரியே. அவை வேறு வேறு கூட்டத்தை எண்ணுகின்றன. அந்த நிலையில் "மலக் கோலிஃபோம்" நெடுவரிசையையும் "ஈ. கோலை" நெடுவரிசையையும் ஒரே அட்டவணையில் ஒப்பிடுவதே தவறு. அறிக்கையில் எது என்று தெளிவாக எழுதுங்கள். ஈ. கோலையிலும் ஒரு சிறு பங்கு ஒளிராது, நோய் தரும் ஓ157:எச்7 வகை அப்படிப்பட்டது.

## அறிகுறி: குழித்தட்டு முழுவதும் மஞ்சள்

97 குழிகளும் நேர்மறை என்றால் 2419.6க்கு மேல், மேலும் ஐதாக்குங்கள். மங்கலான மஞ்சள் என்றால் ஒப்பீட்டுத் தட்டை அருகில் வைத்துப் பாருங்கள். அதைவிட மங்கலானது எதிர்மறை. கழிவுநீரே பழுப்பாக இருந்தால் தூள் இடாத மாதிரியைப் பக்கத்தில் வையுங்கள். ஒளிர்வை 365 நனோமீற்றர் விளக்கில், இருட்டில் பாருங்கள். சன்னல் திறந்த அறையில் பார்த்துவிட்டு ஈ. கோலை இல்லை என்று எழுதாதீர்கள்.

எண் ஐதாக்கலுக்கும் அடங்காமல் விசித்திரமாக இருந்தால் உப்பைச் சோதியுங்கள். கடலோரக் குழிகளிலும் குழாய்களிலும் கடல்நீர் ஊறுவது இங்கே சாத்தியமே. கடல்நீரில் வாழும் சில பற்றீரியாக்கள், விப்ரியோ உட்பட, இந்தத் தூளை ஏமாற்றக்கூடும். அதனால் உப்புக் கலந்த மாதிரியைக் கிருமியற்ற நன்னீரால் குறைந்தது பத்து மடங்கு ஐதாக்கியே சோதிக்க வேண்டும். ஒரு மின்கடத்துத்திறன் மானி போதும். மாதிரி வந்தவுடன் அளந்துவிடுங்கள். குளிக்கும் கடற்கரைக்கு நேராகப் பாயும் நீர் என்றால் குடலில் வாழும் மற்றொரு பற்றீரியாவான என்டரோகொக்கையையும் சேர்த்துப் பாருங்கள். அது உப்புநீரில் அதிக நேரம் தாங்குகிறது.

## அறிகுறி: வெற்றுச் சோதனையில் (மாதிரி இடாமல் செய்யும் சோதனையில்) வளர்ச்சி

நிறுத்துங்கள். அன்றைய எந்த எண்ணும் செல்லாது. ஐதாக்கல் நீர், புனல், ஊடகம் ஒவ்வொன்றையும் தனித்தனியே வெறுமையாக வளர்த்துப் பாருங்கள். எது வளர்கிறதோ அங்கே போங்கள். எல்லாம் வளர்ந்தால் ஓட்டோகிளேவ். 121 பாகையில் 15 நிமிடம் உண்மையில் கிடைக்கிறதா என்பதை வித்துப் பட்டியால் (சூடு தாங்கும் பற்றீரியா வித்துகள் ஏற்றிய பட்டியால்) சோதியுங்கள். பட்டி தோற்றால் பழுதுபார்ப்பவர் வரும் வரை பயன்படுத்தாதீர்கள். அழுத்தக் கலத்தில் சோதனை முயற்சிக்கு இடமில்லை.

## அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் 40ஐச் சுற்றி எண்கள் ஆடுகின்றன

உள்நாட்டு மேற்பரப்பு நீரில் விடும் கழிவுநீருக்கு இலங்கையின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வைத்த எல்லை 100 மில்லிலீற்றருக்கு 40. ஒரு ஆய்வுகூடம் 33 என்கிறது, மற்றது 49 என்கிறது; ஒருவர் தேறுகிறார், மற்றவர் தோற்கிறார். நான் அதிகம் மன்றாடிச் சொல்வது இந்த இடத்தில்தான். ஐந்து குழாய் வரிசையில் 5-1-0 என்றால் 33. 5-2-0 என்றால் 49. இடையில் இருப்பது ஒரே ஒரு குழாயில் தோன்றிய வாயு. 33 என்பதன் 95 சதவீத எல்லை ஏறக்குறைய 10 முதல் 100 வரை. 49க்கு 15 முதல் 150 வரை. இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று முரண்படவே இல்லை.

100 மில்லிலீற்றர் முழுவதையும் சவ்வுகளில் இறக்கி 40 கொலனி எண்ணினால் எல்லை ஏறக்குறைய 27 முதல் 53 வரை. நீர் தெளிவாகவும் குளோரீன் படாமலும் இருந்தால் இந்தக் குறுகலுக்காகவே சவ்வைத் தேர்வேன். எம்.பி.என். என்று அனுமதிப்பத்திரம் கேட்டால் குழாய்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், மாதிரிகளையும் கூட்டுங்கள். பெருக்கல் சராசரியைப் பாருங்கள். ஒரு நாளின் ஒற்றை எண்ணை வைத்து யாரையும் தண்டிக்கவும் வேண்டாம், விடுவிக்கவும் வேண்டாம்.

முறை மாற்றத்தான் வேண்டும் என்றால் சோடிச் சோடியாக ஓட்டுங்கள். சுத்திகரிக்காத நீர், குளோரீனுக்கு முன், குளோரீனுக்குப் பின் என்று மூன்று இடங்களிலும், கச்சான் காலத்திலும் கார்த்திகை, மார்கழி மழையிலும் எடுங்கள். மழையில் நிலத்தடி நீர் குழிகளுக்குள் ஏறும்போது கழிவுநீரின் தன்மையே மாறிவிடும். எண்களை மடக்கைக்கு மாற்றி, ஒவ்வொரு சோடியின் வித்தியாசத்தையும் எழுதுங்கள். வித்தியாசங்களின் சராசரி பூச்சியத்திலிருந்து ஒரே பக்கம் விலகியிருந்தால் அது முறையின் சாய்வு. இரண்டு பக்கமும் சிதறியிருந்தால் மேலே சொன்ன இடங்களுக்குத் திரும்புங்கள். இணைவுக் குணகம் 0.95 என்று காட்டி இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு முறை எப்போதும் மற்றதில் பாதியையே தந்தாலும் அந்தக் குணகம் அழகாகவே வரும்.

"1600க்கு மேல்", "1.8க்குக் கீழ்" போன்ற விடைகள் நிறைய இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அங்கே ஐ.எஸ்.ஓ. 17994 தரத்தின்படி ஒப்பீட்டைத் திட்டமிடத் தெரிந்த புள்ளியியலாளர் ஒருவரைப் பிடியுங்கள். மாதிரி எடுத்து முடித்த பின் அல்ல, முதல் போத்தலை நிரப்புவதற்கு முன்.